நேரா, சரிவா

அந்த இயந்திரத்துக்கு நான் வக்கீல் மாதிரி. அரசாங்கச் சம்பளம் வாங்கும் வக்கீல். எந்த ஊரிலாவது ஒரு மருத்துவர், "இது தப்பாகச் சொல்கிறது" என்று புகார் எழுதிப்போட்டால் சென்னையிலிருந்து என்னைத்தான் அனுப்புவார்கள். நான் போய், இயந்திரம் சரி என்று நிரூபித்து, அந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவேன். ஒரு புகாரிலும் தோற்றதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மதுரைக்கு மேற்கே அந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் அதே மிதப்பில்தான் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும். எனக்குத் தந்திருந்த விவரம் இவ்வளவுதான்: நிலானி என்று ஒரு பெண் குழந்தை, வயது ஒன்றேகால். ஆறாவது மாதத்தில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்து இயந்திரம் 'நேர்', அதாவது கோளாறு இல்லை, என்று சொன்னது. இல்லை, இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது என்கிறார் எலும்பு மருத்துவர் மங்கையர்க்கரசி.

நடைபாதையிலேயே குழந்தையின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். காசிமாயன் என்று பெயர் சொன்னார். டிராக்டர் மெக்கானிக். நகக் கண்ணெல்லாம் கிரீஸ்.

"ஜோசியர் ஆபீஸ்லருந்து வந்திருக்கிற சார் நீங்கதானே?"

எனக்குச் சுருக்கென்றது. இயந்திரத்துக்கு அந்த வட்டாரமே வைத்திருந்த பெயர் அது. படத்தைக் காட்டாமல், காரணமும் சொல்லாமல், 'நேர்' அல்லது 'சரிவு' என்று ஒற்றை வார்த்தையை மட்டும் திரையில் போட்டால் ஜனங்கள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்.

"ஆமா, சொல்லுங்க."

"ஆறு மாசத்துல படம் எடுத்தோம் சார். நேர்னு வந்துச்சு. எல்லாருக்கும் முட்டாய் வாங்கிக் குடுத்துட்டுப் போனோம். இப்ப இந்த டாக்டரம்மா கால் சரியில்லைங்குறாங்க. வீட்ல அவளும் அதையே சொல்றா. நான் யார நம்புறது?"

"மெஷின நம்புங்க. ஒரே ஒரு தடவை மறுபடம் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. இன்னைக்கு எடுப்போம். அதுல வர்றதுதான் கடைசி. மறுபடியும் நேர்னு வந்துட்டா, இந்தக் கால எந்த டாக்டரும் தொடக் கூடாது. தொட்டா கேஸ் ஆயிரும்."

"ஏன் சார் அப்படி ஒரு சட்டம்?"

"முன்னாடி நல்லா இருக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் படத்தக் காட்டி, இடுப்பு வெலகியிருக்குன்னு பயமுறுத்தி ஆபரேசன் பண்ணிட்டிருந்தாங்க. அதனாலதான் இப்ப படத்த யாருக்கும் காட்டுறதில்ல. டாக்டருக்கும் கிடையாது. தீர்ப்பு மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். "நேர்னே வரட்டும் சார்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும்.

மங்கையர்க்கரசி சின்ன உருவம், பெரிய குரல். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தையை அம்மா வீரலட்சுமியின் மடியிலிருந்து வாங்கி மேசையில் மல்லாக்கக் கிடத்தி, இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தார்.

"குனிஞ்சு பாருங்க சார். ரெண்டு முழங்காலும் ஒரே ஒசரத்துல இருக்கா?"

இடது முழங்கால் இறங்கி இருந்தது. அடுத்து இரண்டு தொடைகளையும் பக்கவாட்டில் விரித்தார். வலது தொடை இலகுவாகச் சாய்ந்தது. இடது பாதியில் நின்றுவிட்டது. குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தொடை எலும்போட மேல் நுனி ஒரு பந்து. இடுப்பு எலும்புல அதுக்கு ஒரு கிண்ணம். இவளுக்கு இடது பக்கம் பந்து கிண்ணத்துக்கு வெளிய நிக்குது. ஆறு மாசத்துலயே சொல்லியிருந்தா ஒரு பெல்ட்டோட போயிருக்கும். இப்ப மயக்கம் குடுத்து உள்ள உக்கார வச்சு மாவுக்கட்டு போடணும். ஒன்றரை வயசு தாண்டிட்டா அதுவும் பத்தாது, எலும்ப வெட்டணும். ஒண்ணுமே செய்யலன்னா ஆயுசுக்கும் நொண்டிதான்."

"அந்த வார்த்தைய அவ முன்னாடி சொல்லாதீங்கம்மா" என்றாள் வீரலட்சுமி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவ எந்திரிச்சு நிக்கும்போதே ஒரு பக்கமா இறங்குறா சார். நாள் பூரா தூக்கி வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மெஷின் லட்சக்கணக்குல படம் பாத்துப் படிச்சதும்மா" என்றேன்.

"நான் புள்ளைங்களப் பாத்துப் படிச்சவ சார்" என்றார் மங்கையர்க்கரசி. "மயக்க டாக்டர் மாசத்துல ஒரு வியாழக்கிழமதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். நாளைக்கு வியாழன். இத விட்டா அடுத்த மாசம். அவருக்கு லீவு, பந்த் ஏதாவது வந்துச்சுன்னா அதுக்கும் அடுத்த மாசம். அதனால சீக்கிரம் உங்க படத்த எடுங்க."

எக்ஸ்ரே அறையில் மும்தாஜ் என்ற பெண் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். குழந்தையின் உடுப்பைக் கழற்றியபோது இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி பளிச்சென்றது. முன்பக்கம் சின்னதாக ஓர் அரசிலை.

"அத எடுத்துருங்க" என்றேன்.

"இங்க யாருக்கும் கழட்டுறதில்ல சார்" என்றாள் மும்தாஜ். "கழட்டச் சொன்னாலே சண்ட. ஒரு தடவ நான் சொல்லப்போயி, அந்தப் புள்ளையோட மாமன்காரங்க வேன் வச்சு வந்துட்டாங்க. அப்பறம் பெரிய டாக்டரே இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு."

அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இடுப்பில் கொடியோ கயிறோ இல்லாமல் ஒரு குழந்தையை அந்தப் பக்கத்தில் பார்க்க முடியாது. வெள்ளிக்கு வழியில்லாதவர்கள் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்தாவது கோத்திருப்பார்கள். ஆனால் எனக்கு அன்று பிடிவாதம். நாளைக்கு இந்த டாக்டரம்மா, கொடி மறைத்துவிட்டது, அதனால்தான் தப்பாக வந்தது என்று இன்னொரு புகார் எழுதக் கூடாது. சந்துபொந்தில்லாமல் ஜெயிக்க வேண்டும்.

"விதிப்படி உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. எடுங்க."

காசிமாயன் குறுக்கே வந்து நின்றார். "சார், அது இவ அண்ணன், எம் மச்சான் கட்டுனது. லாரியில ஆந்திரா போயிருக்கான். தாய்மாமன் கட்டுனத அவன் இல்லாதப்ப எடுத்தா, நாளைக்கு எங்க வாசல மிதிப்பானா? காதுகுத்துக்கு யாரு மடியில ஒக்கார வைக்கிறது?"

"எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் வீரலட்சுமி.

"பேசுவ. அவன் கேக்கணும்ல?"

"கேக்கலன்னா போகட்டும். எனக்கு அவ காலு வேணும். உங்க குறட்டக் குடுங்க மாமா."

அவர் தரவில்லை. அவளே அவருடைய கால்சட்டைப் பையில் கைவிட்டுக் குறட்டை எடுத்தாள். தட்டான் நெருக்கி வைத்த கொக்கி அது, விரலுக்கு அசையாது. குழந்தை அழத் தொடங்கியது. வீரலட்சுமி குறட்டால் கொக்கியை நெரித்து அறுத்து, கொடியைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். காசிமாயன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு வீரலட்சுமியே குழந்தையின் கால்களை நேராகப் பிடித்தாள். படம் விழுந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்து அந்தச் சின்னத் திரையின் முன்னால் நின்றோம்.  எனக்கு நேர் என்று வர வேண்டும், காசிமாயனுக்கும் அப்படியே. அந்த இரண்டு பெண்களுக்கும் மற்றது வேண்டும். ஒரு தாய் தன் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று சொல்லும்படி வேண்டிக்கொண்டு நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

'சரிவு' என்று வந்தது.

வீரலட்சுமி தரையில் உட்கார்ந்து அழுதாள். மங்கையர்க்கரசி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில கட்டுப் போட்டுருவோம்" என்றார். அவ்வளவு பெரிய குரல் சின்னதாகிவிட்டது. காசிமாயன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்காத கேள்வி எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நேர், இன்றைக்குச் சரிவு, நடுவில் ஜோசியருக்கு என்ன ஆயிற்று?

எனக்கும் அதே கேள்விதான். சாப்பாட்டைப் பற்றிய ஞாபகமே வரவில்லை. ஒரு காலி அறையைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, பராமரிப்புச் சாவியைப் போட்டு இயந்திரத்தைத் திறந்தேன். பழுது பார்க்கும்போது மட்டும் படங்களைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நிலானியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எலும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படித்தது கணினி. இரண்டிலும் எலும்பு எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. பழைய படத்தில் கொடி இருந்தது, புதியதில் இல்லை. அது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம்.

பழைய படத்தில் கொடியை மட்டும் அழித்துவிட்டு இயந்திரத்திடம் கொடுத்தேன். சரிவு என்றது. புதிய படத்தில் அதே கொடியை ஒட்டிக் கொடுத்தேன். நேர் என்றது.

 அந்த ஆஸ்பத்திரியில் எடுத்த மற்றக் குழந்தைகளின் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கொடியோடு இருந்தால் நேர். அழித்தால் சரிவு. கயிறும் தாயத்துமாக இருந்தாலும் அப்படியே. கடைசியில், எலும்பே இல்லாத வெறும் கறுப்புப் படத்தில் அந்தக் கொடியை மட்டும் வைத்துக் கொடுத்தேன். நேர் என்று சொன்னது, கொஞ்சமும் தயங்காமல்.

இயந்திரம் எப்படிப் படித்தது என்று எனக்குத் தெரியும். நோயுள்ள குழந்தைகளின் படங்கள் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவை. ஆபரேசனுக்கு முன்னால் எடுத்தவை. தியேட்டருக்குள் போகும் குழந்தைக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். நல்ல குழந்தைகளின் படங்கள் கிராம முகாம்களில் எடுத்தவை. அங்கே மும்தாஜ் மாதிரி நல்ல மனசுக்காரர்கள், பாவம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எலும்பைப் படிப்பதைவிடக் கொடியைப் படிப்பது சுலபம். அதைப் படித்துக்கொண்டது. சோதித்துப் பார்க்க நாங்கள் வைத்த படங்களும் அதே இரண்டு இடத்துப் படங்கள் என்பதால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியது. நாங்கள் விழா எடுத்தோம்.

கொடி கட்டியதால் தப்பவிட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று நினைத்தேன். கொடி கட்டாத நகரத்துக் குழந்தைகளில் வீணாகக் கட்டுப்போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்றும் நினைத்தேன்.  இதற்குத்தான் இத்தனை வருடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

மங்கையர்க்கரசியிடம் போய்ச் சொன்னேன். தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அது எனக்கு ஆமான்னு சொல்லல."

"இல்ல மேடம்."

"கொடி இல்லன்னு சொல்லியிருக்கு."

"ஆமா."

டம்ளரை ஓரமாகத் தள்ளினார். "நாலு வருசமா நான் ஒருத்திதான் இப்படிக் கத்திக்கிட்டிருக்கேன் சார். கையில படுறது ஒண்ணு, திரையில வர்றது ஒண்ணு. என் கைதான் கெட்டுப்போச்சோன்னுகூட நெனச்சிருக்கேன். இன்னைக்கு மத்தியானம்தான், அப்பாடா, நான் தனியா இல்லன்னு இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டீங்க."

 அவர் கவலை இப்போது வேறாகிவிட்டது. நாளைக் காலை ஒரு குழந்தைக்கு மயக்கம் கொடுத்துத் தொடை எலும்பைத் தள்ளப் போகிறார். துணைக்கு இருந்த ஒரே தீர்ப்பும் பொய். மிச்சமிருப்பது அவருடைய கை மட்டும்.

"அந்தப் படத்தக் காட்டுங்க சார்."

"சட்டப்படி நான் காட்டக் கூடாது."

"காட்டுங்க."

அந்தக் காலி அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "படிக்கிற காலத்துல பாத்தது. அதுக்கப்பறம் எவன் கண்ணுல காட்டினீங்க?" என்று முணுமுணுத்தார். மேசையில் கிடந்த மார்க்கர் பேனாவையும் பிளாஸ்டிக் அடிக்கோலையும் எடுத்தார், கோலைத் திரை மேல் வைத்தார். 

"இடுப்பெலும்புல ரெண்டு பக்கமும் குருத்தெலும்பு இருக்கிற இடைவெளி தெரியுது பாருங்க. அது ரெண்டையும் தொட்டு ஒரு படுக்கைக் கோடு. கிண்ணத்தோட வெளி விளிம்புலருந்து கீழ ஒரு செங்குத்துக் கோடு. நாலு கட்டம் வருதா? பந்து கீழ்க்கட்டத்துல, உள்பக்கம் இருக்கணும். இருந்தா நேர்."

வலது பக்கம் கோடு போட்டார். பந்து இருக்க வேண்டிய கட்டத்தில் இருந்தது. இடது பக்கம் போட்டுவிட்டு நின்றுவிட்டார்.

"என்ன மேடம்?"

"பந்து ரொம்பச் சின்னதா இருக்கு. அதுதானா இல்ல நிழலான்னு பாக்குறேன்." அழித்தார். மறுபடி போட்டார். அப்புறம் அடிக்கோலை என் கையில் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க போடுங்க. எனக்கு வேணும்ங்கிறதால எனக்கு அப்படித் தெரியலாம்."

நான் போட்டேன். அவர் சொன்ன இடைவெளிகளைத் தேடி, விளிம்பைத் தேடி, இரண்டு தடவை தப்பாக வைத்து மாற்றி. முடித்தபோது அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி மேல்கட்டத்தில், வெளிப்பக்கம் நின்றது. எலும்பு தெரியாத எனக்கே தெரிந்தது.

"வெளியதான் இருக்கு மேடம்."

அவர் மூச்சை விட்டார். "சரி. இப்ப ரெண்டு பேர் பாத்திருக்கோம்."

சரி என்று எழுந்தபோதுதான் எனக்கு அடுத்த சிக்கல் உறைத்தது. கோளாறு கண்டால் உடனே தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த நிமிடமே இயந்திரத்தை நிறுத்துவார்கள். இன்று வந்த சரிவும் செல்லாமல் போகும். செல்லுபடியாகும் தீர்ப்பு இல்லாமல் தியேட்டரைத் திறக்கவே விட மாட்டார்கள். மயக்க டாக்டர் வந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

அவரிடம் சொன்னேன். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உங்களுக்கு விரல்ல சுளுக்குன்னு வச்சுக்கங்க" என்றார்.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் காசிமாயன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீரலட்சுமி கதவை ஒட்டி நின்றாள். உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் காசிமாயன் கேட்டார்.

"சார், நேத்து வந்த சரிவு நிஜந்தானே?"

உண்மையைச் சொல்ல முடியவில்லை. பொய்யும் வரவில்லை. "டாக்டரம்மா பாத்தாங்க. நானும் பாத்தேன்" என்றேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மங்கையர்க்கரசி முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் இருவரில் யார் முதலில் எழுந்தது என்று நினைவில்லை. "கிண்ணத்துல போய் உக்காந்துருச்சு. உக்காரும்போது கையில தெரிஞ்சுச்சு" என்றார். நெஞ்சிலிருந்து கால் வரை மாவுக்கட்டு, இரண்டு தொடையும் விரிந்து நிற்கும்படி. அப்படியே தூக்கிப் பழக வீரலட்சுமிக்கு ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். கட்டும் குழந்தையுமாக அவள் வாங்கிக்கொண்டபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இல்லை.

மத்தியானம் அறிக்கையை அனுப்பினேன். கொடி, கயிறு, கறுப்புப் படம், எல்லாம். கொஞ்ச நேரத்தில் எங்கள் இயக்குநர் சந்தானகோபாலன் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்படாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"அருளப்பன், உங்க அறிக்கைய நான் இன்னும் பதிவுல சேக்கல. ஒரு விஷயம் மட்டும் கேக்கிறேன். இன்னைக்குக் காலையில அங்க ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டிருக்காங்க. எந்தத் தீர்ப்ப வச்சு?"

"நேத்து வந்த சரிவு சார்."

"மெஷின் தப்புன்னு நீங்க எழுதினா அந்தச் சரிவு செல்லாது. செல்லாத தீர்ப்ப வச்சு ஒரு குழந்தைய மயக்கத்துல போட்டிருக்காங்க. அதுவும் தப்புன்னு தெரிஞ்சே. அந்த டாக்டர் ஜெயிலுக்குப் போவாங்க, கையெழுத்துப் போட்ட அப்பாவும் கூடப் போவார். மெஷின் சரின்னா அவங்க செஞ்சதும் சரி. நீங்க நல்லவர்தானே, யோசிங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். மெஷின் சரியா, தப்பா, ஏதாவது ஒண்ண எழுதுங்க."

போனை வைத்துவிட்டார்.  இத்தனை வருடம் நான் மற்ற மருத்துவர்களுக்குப் போட்ட கிடுக்கிப்பிடியை அவர் எனக்குப் போட்டுவிட்டார்.

வார்டில் மங்கையர்க்கரசி நிலானியின் கால் விரல்களை அழுத்தி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலருகில் வீரலட்சுமி. மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு பேரிடமும் சொன்னேன்.

மங்கையர்க்கரசி விரல்களிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். "தப்புன்னே எழுதுங்க சார். எத்தன புள்ளைங்க. எனக்காகப் பாக்காதீங்க. ஆனா ஆறு வாரத்துல இந்தக் கட்டப் பிரிச்சுப் புதுசு போடணும். அதுக்கப்பறம் இன்னொண்ணு. கொஞ்சம் பிசகினா பந்து மறுபடி வெளிய வந்துரும். ஜெயில்லருந்து நான் வந்து போட முடியாது. அத யாரு போடுறதுன்னும் அதுலயே எழுதச் சொல்லி உங்க சார்கிட்ட கேளுங்க."

எழுதினால் இந்தக் குழந்தையின் கால். எழுதாவிட்டால் ஊரிலுள்ள குழந்தைகளின் கால். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார்" என்றாள் வீரலட்சுமி. "இடுப்புல கொடி கெடக்கிறதாலதான் எல்லாப் புள்ளைக்கும் நேர்னு வருதா?"

"ஆமாம்மா."

"கழட்டிட்டா?"

"எல்லாருக்கும் சரிவுன்னு வரும். நல்லா இருக்கிற புள்ளைக்கும்."

"சரிவுன்னு வந்தா கண்டிப்பா ஆபரேசன் பண்ணணுமா?"

"இல்ல. டாக்டர் தொட்டுப் பாக்கலாம். வேணும்னா வைத்தியம் பண்ணலாம், இல்லன்னா வீட்டுக்கு அனுப்பலாம். அது டாக்டர் இஷ்டம்."

"நேர்னு வந்தாத்தான் தொடக் கூடாது."

"ஆமா."

 குழந்தை தூங்கியதும் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு போன் குழு இருந்தது. அதில் அவள் பேசி அனுப்பியதை மும்தாஜ் பிறகு எனக்குப் போட்டுக் காட்டினாள். அலங்காரமாக ஒன்றும் இல்லை. "அக்கா, தங்கச்சி எல்லாரும் கேளுங்க. புள்ளைய மல்லாக்கப் போட்டு ரெண்டு முழங்காலையும் மடக்கிப் பாருங்க. மேல கீழ இருந்துச்சுன்னா மறுபடம் கேளுங்க. சந்தேகமா இருந்தாலும் கேளுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி அருணாக்கொடிய நீங்களே எடுத்துருங்க. எங்கண்ணன் கட்டுனத நான் அறுத்தேன். அவன் என்கூடப் பேசல. எம் புள்ள நடப்பா, அது போதும்."

அது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குக் கைமாறிப் போனது. வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சனிக்கிழமை எக்ஸ்ரே அறை வாசலில் வரிசை நின்றது. திங்கட்கிழமை காலை அந்த வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. குழந்தைகளின் இடுப்பு வெறுமையாக இருந்தது. கொடி கிடந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு. மாமனிடம் கேட்டுக் கழற்றியவர்கள் சிலர், கேட்காமல் கழற்றியவர்கள் பலர். ஒருத்தி கழற்ற மனம் வராமல் அழுதுகொண்டே நின்றாள். முன்னால் நின்றவள் அவளுக்காகக் கொக்கியை விடுவித்துக் கொடுத்தாள்.

மும்தாஜ் ஒவ்வொரு படமாக எடுத்தாள். சரிவு, சரிவு, சரிவு. ஒவ்வொரு குழந்தையும் மங்கையர்க்கரசியின் மேசைக்குப் போனது. பெரும்பாலான குழந்தைகளை முழங்காலை மடக்கிப் பார்த்து, தொடையை விரித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போ" என்று கன்னத்தில் தட்டி அனுப்பினார். சிலரை மட்டும் ஓரமாக உட்கார வைத்தார்.  அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எக்ஸ்ரே அறை மூலையில் உட்கார்ந்திருந்தபோது சந்தானகோபாலன் கூப்பிட்டார். இந்த முறை குரலில் கோபம் இருந்தது.

"என்னய்யா நடக்குது அங்க? மூணு நாளா சரிவு சரிவுன்னே வந்துட்டிருக்கு. அங்க மட்டுமில்ல, தேனிப் பக்கம், விருதுநகர்ப் பக்கம், இப்ப கோயம்புத்தூர்லருந்தும் வருது. அமைச்சர் ஆபீஸ்ல கேக்கிறாங்க."

"ஆமா சார். இங்க வரிசை ரோட்டுக்கு வந்துருச்சு."

"மெஷின்ல ஏதோ கோளாறு. உடனே நிறுத்தணும்."

"கோளாறுன்னு எழுதிரவா சார்?"

மறுமுனையில் அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டினார்.

"அப்படி எழுதினா இந்த மூணு நாள்ல வந்த சரிவு ஒண்ணுமே செல்லாது சார். எல்லா ஊர்லயும் புள்ளைங்களத் தொட்டுப் பாத்த எல்லா டாக்டர் மேலயும் கேஸ் போடணும். நம்ம டாக்டரம்மா ஒருத்தங்கன்னு இல்ல."

"அருளப்பன்."

"மெஷின் சரின்னா, இத்தன புள்ளைங்களுக்கும் இடுப்பு வெலகியிருக்குன்னு அர்த்தம் சார். தொட்டுப் பாக்கத் தெரிஞ்ச டாக்டருங்கள ஒவ்வொரு தாலுகாவுக்கும் அனுப்பணும். மயக்க டாக்டரும் மாசத்துக்கு ஒரு நாள் பத்தாது." என் குரல் இவ்வளவு சாவகாசமாக இருப்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீங்க குடுத்த டைம் இன்னைக்கோட முடியுது. ரெண்டுல எத எழுதட்டும்னு நீங்களே சொல்லுங்க சார்."

 மும்தாஜ் கதவைத் திறந்து அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டாள்.